ஊராட்சிக் கணக்கைப் பார்க்க வேண்டுமா? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு கிராம ஊராட்சியின் வரவு செலவு, தீர்மானப் புத்தகம், ஊரில் நடந்த வேலைகளை அளந்து எழுதிய அளவுப் புத்தகம் எல்லாமே ஊர்மக்கள் பார்க்கக்கூடியவை. இதற்கு யாருடைய தயவும் வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. அப்படியிருந்தும் மனுப் போடுகிற பலருக்கு உருப்படியான பதில் வருவதில்லை. மனுவை வாங்கிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். "எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் சாலை போடவில்லை?" என்று கேட்டிருப்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சட்டத்தில் அதற்குப் பதில் கிடைக்காது. அலுவலகத்தில் ஆவணமாக இருக்கிற தகவலைத் தருவதுதான் தகவல் அலுவலரின் கடமை. இல்லாத தகவலை உருவாக்கித் தரவோ, விளக்கமும் கருத்தும் சொல்லவோ அவர் கடமைப்பட்டவர் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் ஏன், எதற்கு என்று கேட்காமல் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "அந்தத் தெரு சாலைப் பணி குறித்து கிராம சபையும் ஊராட்சி மன்றமும் நிறைவேற்றிய தீர்மானங்களின் நகல் வேண்டும்" என்று கேட்டால், ஏன் சாலை வரவில்லை என்பதும் அந்தத் தாள்களிலிருந்தே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எந்த அலுவலகம்?

புதியவர்கள் முதலில் தடுமாறுகிற இடம் இது. பட்டா, சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு, புல வரைபடம் எல்லாம் வருவாய்த் துறை ஆவணங்கள். அவற்றுக்கு வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ் என்று போக வேண்டும். நிறைய நில ஆவணங்களை இப்போது இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். வீட்டு வரி, குடிநீர், தெருவிளக்கு, ஊர்ச் சாலை, வடிகால், கட்டட அனுமதி போன்றவை ஊராட்சி விஷயங்கள். அவற்றின் பதிவேடுகள் ஊராட்சி செயலரிடம், ஊரில் சொல்வதுபோல் 'பஞ்சாயத்து கிளார்க்'கிடம் இருக்கும். பெரிய வேலைகளின் மதிப்பீடும் அளவுப் புத்தகமும் மட்டும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில், அதாவது பி.டி.ஓ. ஆபீசில், பொறியாளர் பிரிவில் இருக்கும். ஊராட்சி அலுவலகத்தில் போய் அளவுப் புத்தகம் கேட்டு, 'இங்கே இல்லை' என்று சொன்னதும் மறைக்கிறார்கள் என்று சண்டை போட்டுவிட வேண்டாம். அது உண்மையிலேயே அங்கே இருக்காது.

மனுவை 'பொதுத் தகவல் அலுவலர், ஊராட்சி ஒன்றிய அலுவலகம்' என்று எழுதி, எந்த ஊராட்சி என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டால் போதும். விஷயம் வேறு அலுவலகத்தைச் சேர்ந்தது என்றால் 5 நாட்களுக்குள் அவர்களே அங்கே அனுப்பிவிட்டு உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 6(3). 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று மனுவைத் திருப்பி அனுப்புவது சட்டப்படி பதிலே இல்லை.

இன்னொன்று. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போனது. நீங்கள் கேட்கும் ஆண்டில் தலைவர் இருந்தாரா, தனி அலுவலர் இருந்தாரா என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பு கைமாறும்போது எந்தெந்தப் பதிவேடுகளை ஒப்படைத்தார்கள் என்பதற்கான பட்டியலும் கேட்டுப் பெறக்கூடிய ஆவணம்தான். 'பழைய தலைவர் காலத்துக் கணக்கு எங்களிடம் இல்லை' என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும்.

மனுவுக்கு முன்னால், வெளியில் இருப்பதைப் பாருங்கள்

நேரே மனுவில் இறங்க வேண்டாம். கேட்காமலே வெளியிட வேண்டிய தகவல்கள் என்று சட்டத்தின் பிரிவு 4 ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. வரவு செலவுத் திட்டம், மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரம் எல்லாம் அதில் அடங்கும். ஊராட்சிகளைப் பொறுத்தவரை, மத்திய அரசின் 'இ-கிராம் ஸ்வராஜ்' இணையதளம் 2020 ஏப்ரல் 24 முதல் இயங்குகிறது. மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், உங்கள் ஊருக்கான ஆண்டுத் திட்டத்தையும் மத்திய நிதிக்குழு மானியத்தின் வரவு செலவையும் பார்க்கலாம். 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021 முதல் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று ஒதுக்கி வைக்கப்பட்டது. ஆகவே அந்தத் தலைப்புகளில் என்ன செலவு எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். தணிக்கைக்கு 'ஆடிட் ஆன்லைன்' என்று தனியாக ஒரு தளம் இருக்கிறது. இணையத்தில் பணியின் பெயரும் தொகையும் கிடைத்தால், மனுவில் அதே பெயரை அப்படியே எழுதலாம். 'எந்தப் பணி என்று குறிப்பிடவில்லை' என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்த கூட்டங்களை 2022இல் ஆறாக்கினார்கள். உலக தண்ணீர் தினமான மார்ச் 22ம் உள்ளாட்சி தினமான நவம்பர் 1ம் சேர்ந்தன. ஊராட்சியின் திட்டம், வரவு செலவுத் திட்டம், தணிக்கை அறிக்கை ஆகியவற்றுக்கு ஒப்புதல் தருவது கிராம சபையின் வேலை என்று 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சொல்கிறது. கூட்டத்தில் வரவு செலவுச் சுருக்கத்தைப் படிவம் 30 என்ற பெயரில் பிளெக்ஸ் பேனராகக் கட்டி வைக்க வேண்டும். பேனர் இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 'படிவம் 30 வைக்கப்படவில்லை' என்று அன்றைய தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்.

கிராம சபையில் எனக்கு மிகவும் கவலை தருவது கையெழுத்து. கூட்டம் தொடங்கும் முன்பே நோட்டைச் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தீர்மானங்களைப் பிறகு எழுதுவார்கள். 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதால் கையெழுத்துச் சேர்ப்பதில் அவசரம் இருக்கும். நீங்கள் கையெழுத்துப் போடும் பக்கத்தின் எண், உங்கள் வரிசை எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். தீர்மானங்களைப் படித்துக் காட்டிய பிறகு கிளம்புங்கள். ஒரு வாரம் கழித்து அதே கூட்டத்தின் தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் யாராவது ஒருவர் இதை விடாமல் செய்யும் ஊரில், இஷ்டத்துக்குத் தீர்மானம் எழுதுவது கடினம்.

எந்தப் பதிவேட்டில் என்ன இருக்கும்?

பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்றால் பெயர் தெரிந்திருக்க வேண்டுமே. எல்லாப் பதிவேடுகளையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இந்தச் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஊராட்சிக்கு வழக்கமாக மூன்று கணக்குகள் உண்டு. முதல் கணக்கு பொது நிதி: வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் போன்ற சொந்த வருமானமும் அரசு மானியமும் இதில் வரும். இரண்டாம் கணக்கு மின் கட்டணமும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கான தொகையும் கட்டுவதற்கு. மூன்றாம் கணக்கு திட்ட நிதிக்கு. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் 'வரவு செலவு' என்று பொதுவாகக் கேட்டால் ஒற்றைத் தாள் சுருக்கம்தான் வரும்.

ரொக்கப் புத்தகம் அன்றாட வரவு செலவைச் சொல்லும். அதிலுள்ள ஒவ்வொரு செலவுக்கும் ஒரு செலவுச் சீட்டு, அதாவது வவுச்சர் இருக்க வேண்டும். வவுச்சரோடு கடைக்காரரின் பில் இணைந்திருக்க வேண்டும். பொருள் வாங்கியிருந்தால் அது இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். 40 தெருவிளக்கு வாங்கியதாக வவுச்சர் சொல்லி, இருப்புப் பதிவேட்டில் அந்த 40 வரவு வைக்கப்படவில்லை என்றால், கேள்வி தானாகவே எழுந்துவிடும். ஊராட்சி மன்றத் தீர்மானப் பதிவேடு வேறு, கிராம சபைத் தீர்மானப் பதிவேடு வேறு. மனுவில் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

வேலைகளுக்கு வரிசை இதுதான்: தீர்மானம், மதிப்பீடு, நிர்வாக அனுமதி, வேலை உத்தரவு, அளவுப் புத்தகம், பணப் பட்டியல். இந்த ஆறும் கையில் இருந்தால் ஒரு சாலையின் முழுக் கதையும் தெரிந்துவிடும்.

மனு எழுதுவது

வெள்ளைத் தாளில் கையால் எழுதினாலே போதும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிவு 6(2) அப்படித்தான் சொல்கிறது. அலுவலகத்தில் யாராவது 'இது உங்களுக்கு எதுக்கு?' என்று கேட்டால் மரியாதையாகச் சிரித்துவிட்டு வந்துவிடலாம். ஊழல், மோசடி என்று குற்றச்சாட்டு எதையும் மனுவில் எழுத வேண்டாம். ஆவணம் கையில் வருவதற்கு முன்பே எழுதும் அந்த வார்த்தைகள், எதிரில் இருப்பவரை உஷார்ப்படுத்துவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

மனுவின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"எங்கள் கிராம ஊராட்சியில் 1.4.2023 முதல் 31.3.2024 வரையிலான காலத்துக்குக் கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றிட்ட நகல்களை வழங்க வேண்டுகிறேன்.
1. முதல் கணக்கின் ரொக்கப் புத்தகம்.
2. தெருவிளக்குப் பராமரிப்புக்கான செலவுச் சீட்டுகளும் அவற்றோடு இணைந்த பில்களும்.
3. வடக்குத் தெரு சிமெண்ட் சாலைப் பணியின் மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பணப் பட்டியல்.
4. மேற்கண்டவற்றின் மூல ஆவணங்களை நேரில் பார்வையிட ஒரு நாளும் நேரமும் குறித்துத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

ஒரு மனுவில் ஓர் ஆண்டு, ஒன்றிரண்டு தலைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கடந்த 10 ஆண்டுகளின் எல்லா ஆவணங்களும்' என்று கேட்டால், அலுவலகப் பணி பாதிக்கும் என்று பிரிவு 7(9)ஐக் காட்டி ஒதுக்க வழி கிடைத்துவிடும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். தொகையைக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் உடனே கட்டுங்கள். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரையிலான நாட்கள், பதில் தர அவர்களுக்குள்ள 30 நாள் கெடுவில் சேராது.

நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் என்றால், 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் தனியாக இல்லை. ஸ்பீடு போஸ்ட்டிலேயே ஒப்புகை வசதியைக் கேட்டு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த 30 நாள் கணக்கு, மனு அலுவலகத்துக்குக் கிடைத்த தேதியிலிருந்துதான் ஓடும்.

நேரில் பார்வையிடும் நாள்

மேலே நான்காவதாக எழுதியது பலரும் விட்டுவிடுகிற வரி. என்னைக் கேட்டால் மனுவிலேயே மதிப்புள்ள வரி அதுதான். ஆவணங்களை மட்டுமல்ல, வேலையையும் ஆய்வு செய்ய, குறிப்பெடுக்க, பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறச் சட்டத்தின் பிரிவு 2 இடம் தருகிறது. பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் சிறு தொகை.

தனியாகப் போகாதீர்கள். ஓரளவு கணக்குத் தெரிந்த ஒருவரும், கட்டட வேலை தெரிந்த ஒருவரும் கூட வந்தால் நல்லது. கொத்தனாராக வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் அளவுப் புத்தகத்தை வாசிப்பது போல நம்மால் வாசிக்க முடியாது. துணைக்கு ஆள் இருந்தால் பாதுகாப்பும்கூட. கணக்குக் கேட்டவர்கள் மிரட்டப்பட்டதும் தாக்கப்பட்டதும் இந்த நாட்டில் நடந்திருக்கிறது. இரண்டு மூன்று பேர் வேறு வேறு தலைப்பில் மனுப் போட்டிருந்தால் ஒருவர் மீது மட்டும் பகை குவியாது.

அளவுப் புத்தகத்தை 'எம்-புக்' என்பார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் இருக்கும். கட்டங்களில் வேலையின் விவரம், எண்ணிக்கை, நீளம், அகலம், கனம், கடைசியில் மொத்த அளவு. கீழே அளந்தவரின் கையெழுத்தும், சரிபார்த்த மேலதிகாரியின் கையெழுத்தும், தேதியும். உங்கள் தெரு சிமெண்ட் சாலைக்கு நீளம் 100 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 15 செ.மீ. என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 45 கன மீட்டர் கான்கிரீட். இந்த மூன்று எண்களையும் குறித்துக்கொண்டு நேரே தெருவுக்குப் போங்கள். நீளமும் அகலமும் டேப்பில் வந்துவிடும். இவற்றில் பெரும்பாலும் வித்தியாசம் இருக்காது, ஏனென்றால் யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். கனம்தான் மண்ணுக்குள் மறைவது. சாலை ஓரத்தில் மண் அரித்த இடமோ, குழாய் பதிக்க வெட்டிய இடமோ இருந்தால் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அங்கே 10 செ.மீ. தான் என்றால், 30 கன மீட்டர் போட்டுவிட்டு 45க்குப் பணம் எடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. ஓர் இடத்து அளவை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். நான்கைந்து இடங்களில் அளந்து, ஸ்கேலோடு போட்டோ எடுத்து, தேதி போட்டு வையுங்கள். சாலைக்கு நீங்களாகக் கடப்பாரை போட வேண்டாம். அது உங்கள் மேல் வழக்காகத் திரும்பும். மாதிரி வேண்டும் என்றால் அதற்குத் தனி மனுப் போட வழி இருக்கிறது.

தேதிகளையும் பாருங்கள். வேலை உத்தரவுக்கு முன்பே அளந்ததாக எழுதியிருக்கிறதா, அளந்ததாகச் சொல்லும் நாளுக்கு முன்பே பணம் போயிருக்கிறதா என்று பார்த்தாலே பல விஷயம் விளங்கும்.

பதில் வராவிட்டால்

30 நாள். அதற்குள் பதில் இல்லையென்றால் மறுத்ததாகத்தான் அர்த்தம். அதோடு, காலம் கடந்து தரும் தகவலுக்கு நகல் கட்டணம் வாங்கக்கூடாது என்கிறது பிரிவு 7(6). அடுத்த 30 நாட்களுக்குள் அதே துறையின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். கட்டணம் இல்லை. அவர் 30 நாளில், மிஞ்சிப்போனால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாட்களுக்குள் சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. தவறு நிரூபணமானால் தகவல் அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆணையத்தில் வழக்குகள் தேங்குவதால் நாளாகும், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

பிரிவு 18இன் கீழ் புகார் கொடுப்பதும் பிரிவு 19இன் கீழ் மேல்முறையீடு செய்வதும் ஒன்றல்ல. புகாரின் பேரில் தகவலைத் தரச்சொல்லி ஆணையம் உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் மணிப்பூர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆவணம் வேண்டும் என்றால் மேல்முறையீடுதான் வழி.

'கோப்பு காணவில்லை' என்ற பதில் அடிக்கடி வரும். காணவில்லை என்பது தகவலை மறுக்கச் சட்டத்தில் சொல்லப்பட்ட காரணமே அல்ல. தேடிப் பார்த்து, காணாமல் போனதற்கு யார் பொறுப்பு என்று விசாரிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் இதைக் குறிப்பிட்டு விசாரணை கேளுங்கள்.

தனிப்பட்ட தகவல் என்று மறுப்பது இன்னொன்று. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)இல் உள்ள தனிநபர் தகவல் விலக்கை விரிவாக்கிவிட்டது. ஆனால் பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்ற பிரிவு 8(2) இருக்கிறது. பயனாளிகள் விவரத்தை வெளியிடச் சொல்லும் பிரிவு 4ம் இருக்கிறது. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கப் பிரிவு 10 வழி செய்கிறது. அவற்றை மறைத்தே தாருங்கள் என்று நீங்களே மனுவில் எழுதிவிட்டால் வாதத்துக்கு இடமிருக்காது. நகல் கிடைத்த பிறகும் இதே கவனம் வேண்டும். தொகுப்பு வீடு வாங்கிய ஓர் ஏழைப் பெண்ணின் கணக்கு எண்ணோடு அந்தத் தாளை வாட்ஸ்அப் குழுவில் போடுவது அவருக்குச் செய்யும் கெடுதல்.

ஆவணங்களை வைத்திருப்பவர்களுக்கு

புதிதாக வரும் ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், செயலர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆவணங்களை அட்டவணைப்படுத்தி வைப்பது பிரிவு 4இன் முதல் கடமை. பொறுப்பேற்கும் நாளிலேயே ஒவ்வொரு பதிவேட்டின் பெயர், காலம், கடைசியாக எழுதிய பக்க எண் ஆகியவற்றோடு பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். ஒவ்வொரு மாதமும் ரொக்கப் புத்தகத்தின் ஒரு நகலை அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். இப்படி ஒட்டினால் மனுக்கள் கணிசமாகக் குறையும், ஊரில் வதந்தியும் குறையும்.

நகல்கள் வந்து சேர்ந்ததும்

ஒவ்வொரு தாளுக்கும் எண் போட்டு, கவரோடு சேர்த்து ஒரு கோப்பில் வையுங்கள். மொபைலில் ஸ்கேன் செய்து இன்னொருவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். பிறகு அடுத்த கிராம சபைக்கு முன்பே, இந்தப் பணியைப் பற்றி விவாதிக்க வேண்டும் என்று தலைவருக்கோ தனி அலுவலருக்கோ எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூட்டத்தில் யாரையும் திருடன் என்று சொல்லாமல் பக்க எண்ணைச் சொல்லி வாசியுங்கள்: அளவுப் புத்தகத்தில் கனம் இவ்வளவு, நாங்கள் இன்ன தேதியில் ஐந்து இடத்தில் அளந்தபோது இவ்வளவு. மறு அளவீடு செய்ய வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தீர்மானத்தின் நகலோடு, ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுக்கலாம். அந்த மனு மீது எடுத்த நடவடிக்கையும் ஓர் ஆவணம்தான். இரண்டு மாதம் கழித்து அதன் நகலையும் 10 ரூபாய் வில்லை ஒட்டிக் கேட்டு வாங்கலாம்.